நூலுக்கு அஞ்சும் பக்தி

சென்ற மாதம் இறக்குவானைக்குப் போயிருந்தேன். பெல்மதுளையைக் கடந்து, கஹவத்தை வழியாக மாதம்பையில் திரும்பி, தேயிலையும் றப்பரும் மாறி மாறி வரும் சரிவுகளினூடே பஸ் ஏறிச் செல்லும் அந்தப் பாதை எனக்குப் புதியதன்று. அங்குள்ள தமிழ்ப் பாடசாலை ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவர்கள் ஓர் இலக்கிய வட்டம் நடத்தி வருகிறார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து நான்கைந்து கட்டை நடந்து வருவோரும் அதில் உண்டு. கூட்டத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரையின் ஓசையில் பேசுபவர் குரல் கேளாது. மழை ஓயும்வரை எல்லாரும் பேசாமல் இருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். நகரத்து மண்டபங்களில் இத்தகைய பொறுமையை நான் கண்டதில்லை.

பரிசளிப்பு விழாவுக்கென்று அவர்கள் இரு நிகழ்ச்சிகளைத் தயார் செய்திருந்தார்கள். ஒன்று, ஸ்பானிய நாவலாகிய ‘டொன் குவிக்ஸோட்’டின் ஆறாம் அத்தியாயத்தை மாணவர்களே நாடகமாக்கியது. மற்றொன்று, மணிமேகலையைப் பற்றி ஒரு மாணவி நிகழ்த்தவிருந்த சொற்பொழிவு. விழாக் குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் இரண்டையும் பார்த்து முகம் சுளித்திருக்கிறார். அவர் நல்லவர், ஆண்டுதோறும் தமது கைப்பணத்தில் மாணவருக்குப் பரிசு நூல்கள் வாங்கிக் கொடுப்பவர். நாடகத்தில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் நூல்களைத் தீக்கு அனுப்புகிறார். ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் மனம் நோகும். ஆகையால் பாதிரியாரை எடுத்துவிட்டு ஊர்ப் பெரியவர் ஒருவரை அங்கே வைக்கலாம் என்பது அவரது முதல் யோசனை. மணிமேகலை பௌத்த நூல். சரஸ்வதி படத்தின் முன் விளக்கேற்றித் தொடங்கும் விழாவில் அது எதற்கு, கந்தபுராணத்திலிருந்து ஏதாவது பேசட்டுமே என்பது இரண்டாவது. கத்தோலிக்கர் எவரும் வந்து முறையிட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் சார்பில் இவரே முன்கூட்டி நொந்துகொண்டார்.

“ஒரு பாத்திரந்தானே ஐயா, மாற்றினால் என்ன கெட்டுவிடும்?” என்று அவ்வட்டத்தை நடத்தும் இளம் ஆசிரியர் என்னைக் கேட்டார். அவருக்குப் பெரியவரைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை. மாணவர்களைக் கைவிடவும் மனமில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் ஒழுங்காக விடை சொல்லாமலே புறப்பட்டேன். அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அத்தியாயத்தைப் பார்ப்போம். செர்வாண்டிஸ் தமது நாவலின் முதற் பாகத்தை 1605இல் வெளியிட்டார். வீரதீரக் கதைகளை ஓயாமல் படித்துப் புத்தி பேதலித்த கனவான் ஒருவர், தாமும் ஒரு வீரரென்று கிளம்பி, உதை வாங்கித் திரும்பி வந்து படுத்துக் கிடக்கிறார். அவர் உறங்கும் வேளையில் அவரது நண்பர்களான பாதிரியாரும் நாவிதரும் நூல்நிலையத்துக்குள் நுழைகிறார்கள். வீட்டைப் பராமரிக்கும் மாது, நூல்களுக்குள் மறைந்திருக்கும் மாயாவிகளை விரட்டத் தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்கச் சொல்கிறாள். மருமகளோ ஒன்றையும் விடாமல் முற்றத்தில் குவித்துக் கொளுத்தவேண்டும் என்கிறாள். பாதிரியார் அதற்கு இசையவில்லை. தலைப்பையாவது பார்க்கவேண்டும் என்கிறார். ஒவ்வொரு நூலாக எடுத்து நாவிதர் நீட்ட, பாதிரியார் தீர்ப்புச் சொல்கிறார். ‘அமாதிஸ்’ பிழைக்கிறது. ‘திரான்தே’ கையில் கிடைத்ததும் புதையல் கண்டவர்போல் மகிழ்கிறார். செர்வாண்டிஸ் தாமே முன்பு எழுதிய ‘கலாத்தேயா’வும் அந்தக் குவியலில் அகப்படுகிறது, இரண்டாம் பாகம் வரட்டும், அதுவரை சிறையில் இருக்கட்டும் என்று அதற்கு ஒருவகை மன்னிப்புக் கிடைக்கிறது. பிறகு பாதிரியாருக்கு அலுப்புத் தட்டிவிடுகிறது. மிச்சத்தைப் பாராமலே தீயில் போடச் சொல்கிறார். எரியத் தகாத நூல்களும் அன்றிரவு எரிந்தன என்று ஆசிரியர் அடுத்த அத்தியாயத்தில் வருந்துகிறார். நூல்நிலைய வாயிலையும் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பாதிரியார் கெட்டவர் அல்லர். இந்நூல்கள் பலவற்றையும் அவர் சுவைத்துப் படித்திருக்கிறார். எது நல்ல நடை, எது வெறும் ஆரவாரம் என்று அவருக்குத் தெரிகிறது. எரிப்பதற்குமுன் படித்திருக்கவேண்டும் என்ற அந்தத் தகுதி பிற்காலத்தில் அருகிவிட்டது என்பது வேறு விஷயம். நூலின்மேல் ஆசையும், ஆத்மாக்களைக் காக்கவேண்டிய உத்தியோகமும் ஒரே மனிதரிடத்தில் மோதுவதுதான் அந்தக் காட்சியின் உயிர். அங்கே ஊர்ப் பெரியவரை வைத்தால் காட்சி வெறும் குப்பை எரிப்பாகிவிடும். மேலும், பாதிரியாருக்குப் பதிலாக ஊர்ப் பெரியவர் வந்தால் இறக்குவானையில் உள்ள ஊர்ப் பெரியவர்கள் நோகமாட்டார்களா என்பதையும் யோசிக்கவேண்டும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த அத்தியாயம் அச்சான ஸ்பெயின் தேசத்தில் அக்காலத்தே சமய விசாரணை மன்றம் என்ற பெரும் அமைப்பு இருந்தது. ‘இன்குவிசிஷன்’ என்ற பெயரை நமது வாசகர்கள் சரித்திர பாடத்தில் கேட்டிருப்பார்கள். எந்த நூலைப் படிக்கலாகாது, எந்த நூலில் எந்த வரியை மையிட்டு அழிக்கவேண்டும் என்றெல்லாம் அது பட்டியல் போட்டது. செர்வாண்டிஸ் 1616இல் காலமானார். அதன் பின்னர், 1632ஆம் ஆண்டுப் பட்டியலில் அவரது நாவலும் இடம்பெற்றது. எதற்காக? நூல்களை எரிக்கும் பாதிரியாருக்காக அன்று. இரண்டாம் பாகத்தில் ஒரு சீமாட்டி சாஞ்சோ பன்ஸாவிடம் பேசும்போது, மனமின்றி அரைகுறையாகச் செய்யும் தருமத்தால் பயனில்லை என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறாள். நற்செயலால் மோட்சமா, விசுவாசத்தால் மோட்சமா என்று ஐரோப்பா இரு கூறாகச் சண்டையிட்ட காலம் அது. வாக்கியத்தில் லூதரின் வாடை வீசியது போலும். அதை நீக்க உத்தரவாயிற்று. முற்றத்தில் நெருப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பாதிரியாரும் பக்கத்தில் நின்றார். ஸ்பெயினின் தணிக்கையாளர் விட்டுவைத்த மனிதரைத்தான் நாம் இறக்குவானையில் நீக்கப் பார்க்கிறோம்!

அந்நாவலில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதற்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. முதற் பதிப்பில் கதாநாயகர் மலைக்காட்டில் ஜெபமாலை இல்லாமல் தவித்துத் தமது சட்டையின் தொங்கலைக் கிழித்து முடிச்சுப் போட்டு ஜெபிக்கிறார். அதே 1605இல் வந்த மட்ரிட் இரண்டாம் பதிப்பில் சட்டை மறைந்து, மரத்தில் விளைந்த காய்களைக் கோத்த மாலை வந்துவிட்டது. மாற்றியவர் ஆசிரியரோ அச்சகத்தாரோ, யாராயினும், எவரும் கேட்குமுன்பே மாற்றினார்கள். நமது விழாக் குழுப் பெரியவரை நான் நினைத்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

‘டொன் குவிக்ஸோட்’ அதிர்ஷ்டசாலி. அதற்கு முன் வந்த ‘லாஸாரில்லோ’ அத்தனை அதிர்ஷ்டம் செய்யவில்லை. ஆசிரியர் பெயரே இல்லாமல் 1554இல் வெளிவந்த சிறு நூல் அது. ஓர் ஏழைச் சிறுவன் எசமான் மாறி எசமானிடம் வேலை பார்த்துப் பசியோடு போராடும் கதை. எசமானர்களில் சமயத்தார் பலர். 1559இல் அது தடைநூற் பட்டியலில் ஏறிற்று. ஆனால் மக்கள் படிப்பதை நிறுத்தவில்லை. ஆகவே 1573இல் அரசாங்கமே ஒரு ‘திருத்திய’ பதிப்பை அனுமதித்தது. ஒரு துறவியைப் பற்றிய அத்தியாயமும், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவனைப் பற்றிய அத்தியாயமும் அதில் இல்லை. முழு நூல் ஸ்பெயினில் மறுபடி அச்சேற, விசாரணை மன்றம் 1834இல் ஒழியும் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் வாழ்ந்த ஸ்பானிய வாசகர் பலர் வெட்டுண்ட நூலையே முழு நூலென்று நம்பிப் படித்து மாண்டார்கள். முழுத் தடையைவிட இதுவே கொடியதென்று எனக்குத் தோன்றுகிறது. தடுத்த நூலைத் தேடுகிறவன் உண்டு. வெட்டிய நூலில் என்ன இல்லையென்று எவன் தேடுவான்?

1992இல் ஸ்பெயினின் பார்க்கரோத்தா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டைத் திருத்தும்போது, சுவருக்குள் வைத்துப் பூசியிருந்த பத்து அச்சு நூல்களும் ஒரு கையெழுத்துப் பிரதியும் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 1554ஆம் ஆண்டு ‘லாஸாரில்லோ’. அதுவரை எவருமே அறிந்திராத பதிப்பு அது. நானூறு ஆண்டுகளுக்குமுன் யாரோ ஒருவர் எரிக்கவும் மனமின்றி, வைத்திருக்கவும் துணிவின்றி, சுவருக்குள் அடக்கம் செய்திருக்கிறார்.

நாத்திகருக்கும் கேலி பேசுவோருக்கும் வந்த துன்பம் இது என்று எண்ணிவிடக் கூடாது. லூயிஸ் தெ லெயோன் என்ற துறவி, சலமான்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், ஸ்பானிய மொழியின் மகாகவிகளுள் ஒருவர். எபிரேய மூலத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்தார், வேதாகமத்தின் உன்னதப்பாட்டை நாட்டு மொழியில் பெயர்த்தார் என்பன அவர்மீது சாட்டிய குற்றங்களுள் சில. 1572 முதல் 1576 வரை சிறையில் கிடந்தார். விடுதலையாகி வகுப்புக்குத் திரும்பியவர், இடையில் ஒன்றுமே நடவாததுபோல், நேற்று விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லுவார்கள். அவிலாவின் தெரேசாளம்மை கத்தோலிக்க உலகம் புனிதையென வணங்கும் தவமாது. 1559ஆம் ஆண்டுத் தடையால் தாய்மொழியில் இருந்த பக்தி நூல்களை இழந்து அவர் வருந்தினார். லத்தீன் அறியாத பெண்ணுக்கு வேறு நூல் ஏது? அவரது சுயசரிதையையே விசாரணை மன்றம் பின்னர் கைப்பற்றிப் பல ஆண்டுகள் வைத்திருந்தது. அவர் மறைந்தபின், 1588இல், அவரது நூல்களைப் பதிப்பித்து வெளியிட்டவர் யாரென்றால் அதே லூயிஸ் தெ லெயோன். பக்தியைக் காக்கப் புறப்பட்ட கை முதலில் பக்தர்களின் கழுத்தையே பிடித்தது.

இதையெல்லாம் நான் இறக்குவானையில் சுருக்கமாகச் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, “அது வெள்ளைக்காரர் கொடுமை. நம்முடைய சமயங்களில் இப்படி இல்லையே?” என்றார். கேள்வியில் ஒரு பெருமிதம் இருந்தது. அந்தப் பெருமிதத்தைக் கலைப்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

இறக்குவானையிலிருந்து தொலைவு போகவேண்டியதில்லை. இந்தச் சப்பிரகமுவ மலைநாடு ஒருகாலத்தில் சீதாவாக்கை இராச்சியத்தைச் சேர்ந்தது. 1581 முதல் 1593 வரை அதனை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் பறங்கியரை நடுங்க வைத்த வீரன். அவன் சைவனாகி, பிக்குகளைக் கொன்று, பௌத்த நூல்களைக் கொளுத்தினான் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி கூறுகிறது. அப்பகுதியை எழுதியோர் ஏறக்குறைய இரு நூற்றாண்டு பிந்தியவர்கள். அவன்மேல் அவர்களுக்கு அன்பில்லை. ஆதலால் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்று சரித்திராசிரியர்கள் வாதிடுவார்கள். எனினும் அந்தக் குற்றச்சாட்டில் தீ மூட்டியவன் சைவன் என்பதைச் சைவர்களாகிய நாம் படிக்காமல் தாண்டிப் போகிறோம். அவனது அவையில் இருந்த அழகியவண்ண முகவெட்டி என்ற சிங்களக் கவிஞர், இரத்தினபுரிச் சமன் தேவாலயத்துக்குச் சேவலைத் தூதுவிட்டு அவனுக்காகக் காவியம் பாடினார். அவரே பின்னர் 1612இல் ஞானஸ்நானம் பெற்று ஜெரோனிமோ ஆனார். அந்த ஆண்டில் போர்த்துக்கல்லுக்கும், அதன் வழியே இலங்கையின் கரைநாட்டுக்கும், ஸ்பெயின் அரசனே அரசன். 1580 முதல் 1640 வரை இரண்டு முடியும் ஒரே தலையில் இருந்தன. செர்வாண்டிஸின் அரசனும் அழகியவண்ணரின் புதிய அரசனும் ஒருவனே.

ஆனால் நான் அந்த மாணவருக்குச் சொல்ல விரும்பியது தீயைப் பற்றி அன்று. தமிழில் நூல்கள் பெரும்பாலும் தீயால் சாகவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவாமிநாத தேசிகர் சிறந்த இலக்கண ஆசிரியர். அவர் ‘இலக்கணக்கொத்’தின் உரையில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றையும், பத்துப்பாட்டு, எட்டுத்தொகையையும், இராமன் கதையையுங்கூட, ஒரு பொருளாக மதித்துப் படிப்போர் தம் வாழ்நாளை வீணாக்குவோர் என்று கடிந்திருக்கிறார். எந்த ஏட்டையும் அவர் எரிக்கவில்லை. எரிக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கற்றோர் அவற்றைத் திறவாமலிருந்தால் போதும். செல்லும் நனைந்த கூரையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஏடு என்பது இரு நூறு முந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை எவராவது உட்கார்ந்து படியெடுத்தால் மட்டுமே உயிர்வாழும் பண்டம். படியெடுக்கத் தகாதது என்று சமயம் சொல்லிவிட்டால் அது மரண தண்டனைதான். கொலையாளி மட்டும் இருக்கமாட்டான்.

உ. வே. சாமிநாதையர் இதற்குத் தம்மையே சாட்சியாக நிறுத்துகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்த காலத்தில் திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டைத் தாம் கண்ணாற் கண்டதாகவும், அன்று அத்தகைய நூல்களில் நாட்டம் இல்லாமையால் எடுத்துப் பாராமல் விட்டதாகவும், பிற்காலத்தில் அந்நாட்டம் வந்து தேடியபோது அச்சுவடி மடத்திலும் இல்லை, தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் இன்று நம் கையில் இருப்பவை ஏறக்குறைய 70 செய்யுட்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காப்பியம் கிடந்தது. கையை நீட்டவேண்டும் என்ற எண்ணம் அக்காலக் கல்வியில் இல்லை. ஐயரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. தமது பிழையை அச்சிலேற்றிய அந்த நேர்மை எத்தனை பண்டிதருக்கு வரும்?

1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைப் பார்த்து, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். அந்த ஒரு கேள்விதான் தமிழிலக்கியத்தின் பாதியை மீட்டது. சைவ மடத்து மாணாக்கர், கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, அவர் சமய நெறியை அவரிடமே கேட்டறிந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவச் சூழலில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடுவதா என்ற முணுமுணுப்பும் எழாமல் இல்லை. 1898இல் மணிமேகலை வந்தது; அதற்காகப் பௌத்தம் முழுவதையும் புதிதாகப் படிக்க நேர்ந்தது. நம் ஈழநாட்டுச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சிவபக்தரே. அவர்தாம் 1881இல் பௌத்தர் செய்த வீரசோழியத்தையும், 1889இல் சமணர் செய்த சூளாமணியையும் அச்சேற்றினார்.

ஆகவே நம் மரபில் இரு வழக்கங்களும் உண்டு. நூலைத் திறவாதே என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் பழையது; அதைப் பற்றித்தான் நான் மாணவரிடம் அதிகம் பேசியிருக்கவேண்டும்.

சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான். அமைச்சராகிய சேக்கிழாருக்கு அது பொறுக்கவில்லை. அது பொய் நூல் என்று இடித்துரைத்தார் என்று சேக்கிழார் புராணம் கூறுகிறது. கண்டிப்பில் அவர் சுவாமிநாத தேசிகருக்குக் குறைந்தவர் அல்லர். அதன்பின் அவர் செய்ததுதான் வேறு. ஏடுகளைப் பறிமுதல் செய்யுமாறு அரசனிடம் ஆணை கேட்கவில்லை; அமைச்சருக்கு அது எளிதாயிருந்திருக்கும். சிதம்பரத்தில் போய் அமர்ந்து பெரிய புராணத்தைப் பாடினார். சிந்தாமணியின்மேல் கொண்ட சினம் தமிழுக்கு இன்னொரு பெருங்காப்பியத்தைத் தந்தது, சிந்தாமணியும் இருக்கிறது.

குண்டலகேசி என்ற பௌத்த நூல் சமணரை வாதில் மடக்கியது. சமணர் ‘நீலகேசி’ பாடி விடையிறுத்தார்கள். குண்டலகேசியில் நமக்கு எஞ்சியவை 19 செய்யுட்களே. அதன் கட்சி இன்னதென்று இன்று நாம் ஓரளவேனும் அறிவது, அதை மறுக்க எழுந்த நீலகேசியாலும் அதன் உரையாலும் அல்லவா? மறுக்கவேண்டியிருந்தபடியால் எதிரியின் சொல்லை எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று. பகைவன் வீட்டுப் பெட்டியில் ஒரு நூலின் எலும்புகள் பத்திரமாயின. மதுரை நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை எழுதியபோது, சமணர் அதில் குறை கண்டனர் என்றும், அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மறுபடியும் எழுதினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. சைவராகிய உரையாசிரியர் ஒருவர் மாற்றுச் சமயத்தாரின் நூலுக்காகத் தம் உரையை இருமுறை எழுதினார் என்று கதை கட்டுவதற்கேனும் ஒரு பண்பாடு வேண்டும்.

ஏட்டிலக்கியத்தோடு இது நிற்கவும் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுவோர் இதை அறிவார்கள். சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றும் இரு பிரிவாக உட்கார்ந்து, விடிய விடியப் பாட்டிலேயே வாதம் செய்வார்கள். பரமசிவனின் வல்லமையே கேள்விக்குரிய விஷயம்! ஒரு கட்சியின் பாட்டுப் புத்தகத்தை மறு கட்சி பிடுங்கிக் கிழித்ததாக நான் கேட்டதில்லை.

பிற்காலத்தில்தான் நமக்கு இந்தத் தெம்பு குறைந்துபோயிற்று. புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக்கி 1946இல் ‘இராவண காவியம்’ இயற்றினார். 1948இல் சென்னை அரசு அதைத் தடை செய்தது. 1971வரை தடை நீங்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் அந்தக் காவியத்துக்கு எதிர்க் காவியம் ஒன்றையாவது எவரும் பாடினார்களா? தடை இருக்கும்போது பாடுவானேன்! பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்துத் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மறுபடி எழுதச் சொல்லிற்று. நம் நாட்டில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதை எழுதியதற்காக, அது பௌத்தத்தை இழிவு செய்கிறதென்ற முறைப்பாட்டின்பேரில் 2019 ஏப்ரலில் கைதாகி, ஏறக்குறைய நான்கு மாதம் சிறையில் இருந்தார். 2021இல்தான் அவர் விடுவிக்கப்பட்டார். அவரைச் சிறையில் வைக்கப் பயன்பட்டது மனித உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்கென்று 2007இல் செய்த சட்டம் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இனி இறக்குவானைக்கு வருகிறேன். விழாக் குழுப் பெரியவரின் அச்சத்தை நான் எள்ளி ஒதுக்கவில்லை. கடைத்தெருவில் ஒருவரையொருவர் நாள்தோறும் பார்க்கும் சிற்றூர் அது. கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் இடத்தில், ஒரு சொல் வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தால் யார் கடை மூடும், யார் வீட்டில் கண்ணாடி உடையும் என்பதை அந்த வயதுடையவர்கள் அறிவார்கள். கொழும்பில் மின்விசிறியின் கீழே அமர்ந்து துணிவைப் பற்றி எழுதுவது எளிது. ஆனால் அவர் நீக்கச் சொன்ன இரண்டும் எவரையும் வைவன அல்ல. பாதிரியார் பாத்திரம் கத்தோலிக்க நாடொன்றின் தலைசிறந்த நாவலில், கத்தோலிக்கராகவே வாழ்ந்து மறைந்த ஆசிரியர் படைத்தது. அதன் சமய விசாரணை மன்றமே கைவைக்காமல் விட்டது. மணிமேகலையோ தமிழர் எழுதிய தமிழ் நூல். சிங்களப் பௌத்தரான அயலார் நம்மைப் பார்த்து, உங்கள் மொழியில் பௌத்தக் காப்பியம் உண்டாமே என்று கேட்டால், அதை மேடையில் சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டோம் என்றா பதில் சொல்வது?

அந்த ஆசிரியருக்குத் தனிக் கடிதத்தில் நான் எழுதியவை மூன்று. பாதிரியார் பாதிரியாராகவே இருக்கட்டும். விழாவுக்கு ஊர்ப் பங்குத் தந்தையை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். ஒத்திகைக்கே அழைத்தாலும் தவறில்லை. மாணவி மணிமேகலையைப் பற்றிப் பேசட்டும். பெரியவருக்குக் கந்தபுராணத்தில் அத்தனை ஈடுபாடு இருக்குமானால், அதே மேடையில், அந்த மாணவிக்கு அடுத்தபடியாக, அவரே கந்தபுராணத்தைப் பற்றிப் பேசட்டும். மறுக்கவேண்டியது எதுவும் உண்டென்றால் மறுக்கட்டும். சேக்கிழார் செய்தது அதுதானே என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

இவ்வாரம் பதில் வந்தது. பெரியவர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஆனால் கந்தபுராணத்துக்கு முக்கால் மணி நேரம் வேண்டும் என்கிறாராம். நாடகத்தைச் சுருக்குவதா, பரிசளிப்பைப் பின்தள்ளுவதா என்று மாணவர்கள் என்னைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.